கியர் பாக்ஸ் சொன்னதும் நாங்கள் கேட்காததும்

போன வாரம் எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு முதல் ரிவியூ. "அதிர்வைக் கொண்டு கியர் பாக்ஸ் பழுதை முன்கூட்டியே அறிதல்" என்ற தலைப்பைப் பார்த்ததுமே கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். "ஏண்டா, ஊரே ஏ.ஐ., எலெக்ட்ரிக் வண்டின்னு ஓடிக்கிட்டு இருக்கு. நீ இன்னும் பல்சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அழுறியே?" என்று ஒருத்தன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்து, அது இவ்வளவு பெரிய பதிவாகிவிட்டது. மெக்கானிக்கல் படிக்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். கணக்கு ஒன்றே ஒன்றுதான் வரும், அதுவும் பெருக்கல். :-)

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு ஹெலிகாப்டரால்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ரோடு முழுக்கத் தண்ணீர், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. அந்த ஜனங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போட விமானப்படை ஹெலிகாப்டர்தான் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் கள்ளிக்குடி பக்கம். மதுரையிலிருந்து தெற்கே விருதுநகர் ரோட்டில் வந்தால் கரிசல் தொடங்குகிற இடம். அந்த வாரம் நான் மாமாவின் ஒர்க் ஷாப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் தம்பி. வேன், லோடு ஆட்டோ, டிராக்டர் என்று எது வந்தாலும் பார்ப்பார். திடீரென்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வருது பாரு" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரை நிமிடம் கழித்துத்தான் கேட்டது. தாழப் பறந்து தெற்கே போனது. இத்தனைக்கும் அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. இருபத்தைந்து வருடம் தகரம் தட்டுகிற சத்தத்துக்கு நடுவிலேயே இருந்ததற்குக் கிடைத்த பரிசு.

அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "நம்ம வண்டின்னா சத்தம் மாறுச்சுன்னா ஓரமா ஒதுக்கிரலாம் மாப்ளே. அவன் எங்க ஒதுக்குவான்?"

அன்று ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடு நெட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில் என்ஜின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கீழே இறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்று மேலே உள்ள இறக்கையைத் தானாகச் சுற்ற வைக்கும். அந்தச் சுற்றை வைத்தே பழகிய பைலட் பத்திரமாகத் தரையிறக்கிவிடலாம். போதாததற்குப் பெரிய ஹெலிகாப்டர்களில் இரண்டு என்ஜின் இருக்கும். ஆனால் இரண்டு என்ஜினும் வந்து சேருகிற மெயின் கியர் பாக்ஸ் ஒன்றுதான். அதற்கு மாற்று கிடையாது. அதன் தலையில்தான் ரோட்டரே நிற்கிறது. அது உள்ளே சிதறினால் பைலட் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அந்தப் பெட்டிக்குள் நடக்கிற வேலையையும் பாருங்கள். சூப்பர் பூமா என்று ஒரு ஐரோப்பிய ஹெலிகாப்டர். அதில் என்ஜின் பக்கம் நிமிடத்துக்கு 23,000 சுற்று வருகிறது. ரோட்டருக்குப் போய்ச் சேர வேண்டியதோ நிமிடத்துக்கு 265 சுற்றுதான். 23,000-ஐ 265 ஆக்குகிற அத்தனை பல்சக்கரமும் ஒரே ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். அதற்காகக் கடைசிக் கட்டத்தில் வைப்பதுதான் கோள் கியர். நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி எட்டுக் கோள் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மீனாட்சியம்மன் கோயில்தான் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி மாசி வீதிகளில் ஒரு தேர் இல்லை, எட்டுத் தேர் ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேரும் தன்னைத் தானே வேறு சுற்றிக்கொள்கிறது. வெளி வீதிச் சுவர்தான் அந்த வளையம். இப்போது ஏதோ ஒரு தேரின் அச்சில் சின்ன விரிசல். நீங்கள் வெளி வீதிச் சுவரில் காதை வைத்து, எந்தத் தேரில் விரிசல் என்று கண்டுபிடிக்க வேண்டும். தேர் கிட்டே வரும்போது சத்தம் கூடும், தாண்டிப் போனால் குறையும், அதற்குள் அடுத்தது வந்துவிடும். ஹெலிகாப்டர் கியர் பாக்ஸைக் கண்காணிப்பதில் மிகக் கஷ்டமான இடம் இதுதான். இந்த எட்டுத் தேரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

சரி, பழுதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? மாமாவிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, பெரிய ஸ்க்ரூ டிரைவரின் நுனியை கியர் பாக்ஸ் மேல் வைத்து, கைப்பிடியை வலது காதில் ஒட்டிக் கேட்பது. இன்னொன்று, கியர் ஆயிலை வடித்து, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அதில் துழாவுவது. உலகத்தின் விலை உயர்ந்த ஹெலிகாப்டர்களிலும் அடிப்படை இதே இரண்டுதான்! ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் பெட்டியின் மேல் அதிர்வை அளக்கும் சென்சார்கள். ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பதில் எண்ணெய் ஓடும் பாதையில் ஒரு காந்த பிளக். இரும்புத் துகள் வந்து அதில் ஒட்டினால் காக்பிட்டில் விளக்கு எரியும்.

முன்னால் சொன்ன பெருக்கல் கணக்கு இங்கேதான். 20 பல் உள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை சுற்றுகிறது. 20 x 25 = 500. விநாடிக்கு 500 தடவை பல்லும் பல்லும் தொட்டுக்கொள்கின்றன. அதுதான் அந்த கியரின் சுருதி. எல்லாப் பல்லும் நன்றாக இருந்தால் அந்தச் சுருதி சீராக இருக்கும். ஒரே ஒரு பல் உடைந்தால் சுற்றுக்கு ஒரு தட்டு, விநாடிக்கு 25 தட்டு கூடுதலாகக் கேட்கும். பெட்டிக்குள் ஆயிரம் இரைச்சல் இருக்குமே, அதில் இதை எப்படிப் பிரிப்பது? ஒரு சுற்றில் வரும் அதிர்வை ஒரு தாளில் வரைந்ததாக நினையுங்கள். அப்படி 200 சுற்றுக்கு 200 தாள். எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால், தாறுமாறாக வருகிற இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விழுகிற தட்டு மட்டும் மிஞ்சும்.

மாமாவுக்கு இந்தச் சராசரிக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று எங்கள் பாடப் புத்தகத்தை விடத் தெளிவு. "எல்லா வண்டியும்தான் சத்தம் போடும். நேத்து போட்ட சத்தத்தையே இன்னிக்கும் போடுதான்னு பாரு."

இதெல்லாம் தெரிந்த மாமா வீட்டிலேயே இருந்தும் எங்களுக்கு நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

2018 மே மாதம். நான் அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தேன். அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கல்யாணம், கோயில் டிரிப் என்று ஓட்டுவார். பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று பழனிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வெள்ளிக்கிழமை போக வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணம் அக்காவின் காலேஜ் ஃபீஸுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆயில் மாற்ற வேனை மாமாவிடம் விட்டோம். வடித்த எண்ணெயில் காக்காப்பொன் தூவினது மாதிரி மினுமினுப்பு. மாமா காந்தத்தை விட்டுத் துழாவி எடுத்தபோது, அதில் அரிசிக் குறுணை அளவு ஒரு இரும்புத் தகடு ஒட்டியிருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "தூளா வந்தா தேய்மானம். இது தகடு. உள்ள ஏதோ ஒண்ணு உரியுது" என்றார். அப்பாவிடம், "மச்சான், நாளைக்குப் போகாதீங்க. கியர் பாக்ஸ எறக்கிப் பாத்துருவோம். வேற வண்டி நான் பேசி விடுறேன்" என்றார்.

அப்பா வேனை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "சத்தம் ஒண்ணும் பெருசா இல்லையேடா. ஒரு நாள்தானே. வந்து எறக்கிக்குவோம்."

"சத்தம் இல்ல மச்சான். தகடு வந்துருக்கே."

அப்பா என்னைப் பார்த்து, விளையாட்டாகத்தான், "என்னடா, போலாமா வேணாமா?" என்றார். கிளீனராக என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். பழனி, பஞ்சாமிர்தம், இழுவை ரயில் எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. தகடு என் கையில்தான் இருந்தது. "போலாம்ப்பா" என்றேன்.

புது ஆயில் ஊற்றியதும் இருந்த கொஞ்சச் சத்தமும் அடங்கிப்போனது. நாங்கள் எடுத்த முடிவுக்கு அது நல்ல சாட்சியாகிவிட்டது.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி இருட்டுகிற நேரம், அடியிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் எழும்பியது. அப்பா காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுப்பதற்குள் 'மடக்'. பின் சக்கரம் இரண்டும் இறுகிவிட்டது. கிளட்சை மிதித்தும் பயனில்லை. வேன் இழுத்துக்கொண்டே போய் ரோட்டோரப் புளிய மரத்தில் இடது பக்கம் மோதி நின்றது. உள்ளே 13 பேர். சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு ஒரு வயதுக் குழந்தை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தையின் பாட்டிக்கு மணிக்கட்டு உடைந்தது. எதிரே லாரி ஏதும் வரவில்லை. அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தப் பாட்டி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். கியர் பாக்ஸைப் பிரித்தபோது கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் உரிந்து, உடைந்து, கியர்களுக்கு நடுவில் சிக்கியிருந்தது. வியாழக்கிழமை என் கையில் இருந்தது அதன் ஒரு துண்டு. அந்தத் தகடு இன்னும் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

ஹெலிகாப்டரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த ராத்திரி, ஒரு விசாரணை அறிக்கையைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதனால்தான்.

பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவில் இருக்கிற வட கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள். வேலையாட்கள் போய்வருவது ஹெலிகாப்டரில்தான், நாம் டவுன் பஸ்ஸில் போவது மாதிரி. 1986 நவம்பர் 6-ந் தேதி அங்கே ஒரு பெரிய சினூக் ஹெலிகாப்டரின் முன்பக்க கியர் பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. முன்னும் பின்னும் இருந்த ரோட்டர்கள் ஒன்றோடொன்று மோதிக் கடலில் விழுந்தது. 45 பேர் இறந்தார்கள், பிழைத்தவர்கள் இரண்டே பேர். கியர் பாக்ஸ் சொல்வதைப் பறக்கும்போதே கேட்டாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 1991-ல் வட கடல் ஹெலிகாப்டர்களில் 'ஹம்ஸ்' என்ற ஏற்பாடு வந்தது. உடல்நலத்தையும் உழைப்பையும் கண்காணிக்கும் அமைப்பு என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு பறத்தலிலும் அதிர்வைப் பதிவு செய்து, தரையிறங்கியதும் கம்ப்யூட்டரில் இறக்கி, நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடுவது. மாமாவின் வாக்கியம்தான், கொஞ்சம் காஸ்ட்லியாக.

இனி 2009-க்கு வருவோம். மார்ச் 25 அன்று ஒரு சூப்பர் பூமாவில் காந்த பிளக்கில் ஒரு துகள் ஒட்டியிருந்தது. அந்தக் கோள் கியர் பகுதியின் பிளக்கில்தான். பராமரிப்புக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். தயாரிப்பாளரோடு போனிலும் மின்னஞ்சலிலும் பேசினார்கள். பேச்சில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அந்தத் துகள் கோள் சக்கரத்தின் இரும்பு என்று யாரும் அடையாளம் காணவில்லை. அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கவும் இல்லை. ஹெலிகாப்டர் வேலைக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு வேறு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 36 மணி நேரம் பறந்த பின், ஏப்ரல் 1-ந் தேதி, கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு கோள் சக்கரம் பிளந்து, ரோட்டரே தனியாகப் பிய்ந்து போனது. உள்ளே இருந்த 16 பேரும் இறந்தார்கள்.

அந்த அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோள் கியர் பகுதிக்கு அடியில் ஒரு காந்த வளையம் வைத்திருந்தார்கள். உடைந்த துகள் மற்ற கியர்களுக்குள் போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆனால் அது துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டதால், எச்சரிக்கை கொடுக்க வேண்டிய பிளக்குக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு குறைந்துவிட்டது. பாதுகாப்புக்கு வைத்ததே செய்தியை மறைத்துவிட்டது. புது ஆயில் எங்கள் வேனில் செய்ததும் இதுதானே?

இத்தோடு நிறுத்தினால் "சொன்ன பேச்சைக் கேட்டால் விபத்தே வராது" என்ற நீதிக் கதையாக முடித்துவிடலாம். ஆனால் உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. 2016 ஏப்ரல் 29-ந் தேதி நார்வேயில் அதே குடும்பத்தைச் சேர்ந்த இ.சி. 225 என்ற ஹெலிகாப்டரில் அதே மாதிரி ஒரு கோள் சக்கரம் உடைந்து, அதே மாதிரி ரோட்டர் பிய்ந்தது. 13 பேர் இறந்தார்கள். இந்தத் தடவை காந்த பிளக்கும் ஒன்றும் சொல்லவில்லை, ஹம்ஸும் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்தின் உள்பக்கம், பேரிங் ஓடும் பரப்பில் கண்ணுக்கே தெரியாத குழியில் ஆரம்பித்த விரிசல், மேலே தகடு உரிக்காமல் உள்ளுக்குள்ளேயே பல் வரைக்கும் ஓடியிருந்தது. அந்த எட்டுத் தேர் ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு தேரின் அச்சுக்குள் இருக்கிற விரிசல் வெளிச் சுவருக்குக் கேட்கவே இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஹெலிகாப்டர் விபத்து என்றாலே 2021 டிசம்பர் 8 குன்னூர்தான் நினைவுக்கு வரும். ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர். அன்று எங்கள் வகுப்பில் எல்லோரும் மெஷின் கோளாறு என்றே பேசிக்கொண்டோம். ஆனால் கருப்புப் பெட்டியை ஆராய்ந்த விசாரணைக் குழு, இயந்திரக் கோளாறு இல்லை, மேகத்துக்குள் நுழைந்து திசை தடுமாறியதுதான் என்று சொன்னது. இதையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் கியர் பாக்ஸ் மேல் போடக் கூடாது.

எங்கள் படிப்புக்குப் பக்கத்தில் வருவது துருவ். பெங்களூரு ஹெச்.ஏ.எல். வடிவமைத்து, 1992 ஆகஸ்டில் முதல் முறை பறந்த நம் சொந்த ஹெலிகாப்டர். ராணுவம், விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 330 இருக்கும். சென்னையில் 2022 ஜூனில் தொடங்கிய கடலோரக் காவல்படையின் 840 ஸ்குவாட்ரனும் துருவ் மார்க் 3 வைத்திருப்பதுதான். 2025 ஜனவரி 5-ந் தேதி போர்பந்தர் விமான நிலையத்தில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். விசாரணையில் ஸ்வாஷ் பிளேட் உடைந்தது தெரிய வந்தது. கியர் பாக்ஸுக்கு மேலே ரோட்டர் தண்டைச் சுற்றி இருக்கும் தட்டு அது. கீழ்த்தட்டு சுற்றாது, மேல்தட்டு சுற்றும், நடுவில் பேரிங். பைலட் கையில் இருக்கும் கம்பை அசைத்தால் அது இந்தத் தட்டைச் சாய்த்து, அதன் வழியாகத்தான் இறக்கைகளின் கோணம் மாறும். அது உடைந்தால் ஸ்டியரிங் கையோடு வந்துவிட்ட மாதிரி. பல்சக்கரத்துக்கு மட்டும் காது கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதை நான் இதில்தான் தெரிந்துகொண்டேன். அதே தண்டில் இருக்கிற மற்ற பாகங்களும் அதே அதிர்வைத்தான் தினமும் தின்றுகொண்டிருக்கின்றன.

அதற்குப் பிறகு நாட்டில் இருந்த எல்லாத் துருவும் தரையிறக்கப்பட்டன. தரைப்படை, விமானப்படையின் துருவ்களுக்கு ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வரை காத்திருந்துதான் மறுபடி பறக்க அனுமதி வந்தது. கடலில் வேலை பார்க்கிறவை அதற்குப் பிறகும் நின்றன. மலை உச்சிக் காவல் முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோக, கடலில் தத்தளிக்கிறவர்களைத் தூக்க, வெள்ளத்தில் சாப்பாடு போட என்று இருக்கிற ஒரு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது சின்ன முடிவு இல்லை. ஆனாலும் மூன்று பேர் இறந்த பிறகு நிறுத்துவதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். யாரும் சாகாத ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கையில் ஒரு குறுணை அளவுத் தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்துவதுதான் கஷ்டம். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, சத்தமும் பெரிதாக இல்லை, ஒரு நாள்தானே என்று எல்லாமே போகச் சொல்லும். அந்தத் தகடு மட்டும் வேண்டாம் என்று சொல்லும்.

இப்போது எங்கள் ப்ராஜெக்ட். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு கியர் பாக்ஸ், அதை ஓட்ட ஒரு மோட்டார், மேலே ஒரு சென்சார். அதிர்வு அளவு தாண்டினால் பஸ்ஸர் அடிக்கும். ஒரு பல்லை அரத்தால் ராவிவிட்டு ஓட்டினோம். நான் மேலே சொன்ன கணக்குப்படியே கிராஃபில் சுற்றுக்கு ஒரு தட்டு 'டக்'கென்று வந்து நின்றது. நாங்கள் குதித்த குதியில் பக்கத்து லேபிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். ஆனால் பேரிங்கின் உள்பக்கம் சின்னதாகக் கீறிவிட்டு ஓட்டினபோது ஒன்றுமே தெரியவில்லை. நல்ல பேரிங்கின் கிராஃபும் கீறின பேரிங்கின் கிராஃபும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. "இதையும் ரிப்போர்ட்ல எழுதுங்கப்பா, மறைக்காதீங்க" என்றார் கைடு.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் வாரத்தில் பஸ்ஸர் 11 தடவை அடித்தது. மூன்று தடவை ஓடிப் போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அடித்தளத்தில் ஒரு போல்ட் லூஸாக இருந்ததுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே, நாலாவது தடவை அடித்தபோது, தலைவலிக்கிறது என்று பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டேன். மற்ற ஏழு தடவை அடித்ததும் கம்ப்யூட்டர் பதிவைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும்! பழனி டிரிப்புக்கு "போலாம்ப்பா" என்று சொன்ன அதே ஆள்தான். எட்டு வருடத்தில் ஃபோரியர் கணக்கெல்லாம் படித்துவிட்டேன், ஆனால் அந்தக் கை இன்னும் மாறவில்லை. பொய் எச்சரிக்கை கொடுக்கிற மெஷின், எச்சரிக்கையே கொடுக்காத மெஷினுக்குச் சமம் என்று புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. நாமே ஒயரைப் பிடுங்கினால் ஏறும்.

அதனால் இப்போது ப்ராஜெக்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். அளவைத் தாண்டினால் அடி என்பதை எடுத்துவிட்டோம். போன பத்து ஓட்டத்தோடு ஒப்பிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்துச் சொல்லும். இந்த யோசனைக்கு ரிப்போர்ட்டில் யார் பெயரைப் போடுவது என்று கைடு கேட்டார். மாமா பெயரைச் சொன்னேன். சிரித்தார், ஆனால் நன்றியுரையில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டுபோய் மாமாவிடம் கிராஃபைக் காட்டினேன். வலது காதிலும் இப்போது கொஞ்சம் மந்தம். ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் முன் மாதிரி தெரியவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்குக் கேக்காததெல்லாம் இது சொல்லுமா?" என்றார்.

"கொஞ்சம் சொல்லும் மாமா. எல்லாத்தையும் சொல்லாது."

"சொன்னா, உங்கப்பன் நிறுத்துவானா?"

அப்பா பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பழனி டிரிப்புக்குப் பிறகு மாமா "ம்" என்று சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. இரண்டு கல்யாண டிரிப்பை விட்டிருக்கிறார், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஆயிலை வடிச்சு வச்சிருக்கியே, காந்தத்தை விட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டிக்கு அடுத்த தடவை கியர் ஆயில் மாற்றும்போது, வடித்ததைக் கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஒரு காந்தம் இருந்தால் துழாவுங்கள். தகடு ஏதாவது வந்தால் அன்றைக்கு டிரிப் வேண்டாம்.

ரெண்டாவது ரிவியூ அடுத்த மாதம். எப்படிப் போனது என்று வந்து சொல்கிறேன்.